ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் சாப்பாட்டுக் கேள்வி: எங்கே சறுக்குகிறோம்?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியான ஸ்பீக்கிங் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் விண்வெளி, செயற்கை நுண்ணறிவு, பருவநிலை மாற்றம் என்றால் நடுங்குவார்கள். சாப்பாடு என்றால் ‘அப்பாடா’ என்றிருக்கும். தினமும் மூன்று வேளை செய்கிற காரியம்தானே என்ற தைரியம். அந்தத் தைரியத்தில் உள்ளே போய், ‘இட்லி இஸ் வெரி டேஸ்ட்டி அண்ட் ஹெல்தி ஃபுட்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த வரி கிடைக்காமல் விழிப்பார்கள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் கண்டுபிடித்துவிடுகிற நாக்குதான். தேர்வறையில் அதற்கு டேஸ்ட்டி, டெலிஷியஸ் தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, சாப்பாடு மாதிரி சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் ஓர் அட்டையைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்க விட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாவதில் அதே விஷயத்தை ஊர், உலகம் என்ற அளவில் விவாதிப்பார்கள். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் மதிப்பெண்ணில் சம பங்கு. ஐந்தாவதாக ‘நல்ல உணவுப் பழக்கம்’ என்று எதுவும் கிடையாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘வாட் கைண்ட் ஆஃப் ஃபுட் டு யூ லைக்?’ என்று கேட்டதுமே பலர் நல்ல பிள்ளையாகிவிடுகிறார்கள். ‘ஐ ஆல்வேஸ் ப்ரிஃபர் ஹெல்தி ஃபுட். வெஜிடபிள்ஸ் ஆர் ரிச் இன் வைட்டமின்ஸ்.’ ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம் அப்படியே வருகிறது. பேசுகிறவரோ ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிற ஆள். அதைச் சொன்னால் மார்க் போய்விடுமோ என்று பயம். போகாது. உண்மையில், பொய் சொல்வதுதான் ஆபத்து. பொய்யில் விவரம் இருக்காது, விவரம் இல்லாத இடத்தில் பேச்சு நின்றுவிடும். பரோட்டா என்றால் எந்தக் கடை, யாரோடு போவீர்கள், ஏன் அந்த நேரத்தில் என்று ஐந்தாறு விஷயம் கையில் இருக்கிறது. இங்கிலீஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சொல்ல விஷயம் இருந்தால் வாய் நிற்காது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்த பட்டுப்புடவை வார்த்தைகள்: ‘மவுத் வாட்டரிங்’, ‘ஸ்க்ரம்ப்ஷஸ்’, ‘கலினரி டிலைட்’, ‘ஐ ஈட் லைக் எ ஹார்ஸ்’. இவை தவறான இங்கிலீஷ் அல்ல. ஆனால் சுற்றியுள்ள வாக்கியமெல்லாம் தடுமாறும்போது நடுவில் இது மட்டும் பளபளத்தால், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மனப்பாடம் என்று சந்தேகம் வந்தால் எக்ஸாமினர் கேள்வியை மாற்றிவிடுவார், அங்கே பளபளப்பு உதவாது.

என் கணக்கில், சொல்வளம் என்பது பெரிய வார்த்தை அல்ல, துல்லியமான சின்ன வார்த்தை. மொறுமொறு என்றால் ‘க்ரிஸ்ப்பி’, கடிக்கும்போது சத்தம் கேட்டால் ‘க்ரஞ்சி’. கொழகொழ வெண்டைக்காய் ‘ஸ்லைமி’. உப்புச் சப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாடு ‘ப்ளாண்ட்’. ரசத்தின் இதமான புளிப்பு ‘டாங்கி’, கெட்டுப்போன பாலின் புளிப்பு ‘சவர்’. எண்ணெய் கையில் ஒட்டுகிற பஜ்ஜி ‘க்ரீஸி’. வயிற்றை ‘திம்’மென்று நிரப்புகிற பொங்கல் ‘ஃபில்லிங்’. பிடிக்காததையும் ‘ஐ டோன்ட் லைக்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஐம் நாட் கீன் ஆன் இட்’, ‘எ பிட் டூ ஸ்வீட் ஃபார் மீ’ என்று சொல்லலாம். இங்கிலீஷ்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்வது இப்படித்தான்.

ஒரு பதிலைப் பார்ப்போம். ‘தோசா இஸ் மை ஃபேவரிட் ஃபுட் பிகாஸ் இட் இஸ் வெரி டேஸ்ட்டி’ என்பது வழக்கமான பதில். அதையே இப்படிச் சொல்லலாம்: ‘தோசா, டெஃபினிட்லி. ஐ லைக் இட் தின் அண்ட் க்ரிஸ்ப்பி, ஆல்மோஸ்ட் பர்ன்ட் அட் தி எட்ஜஸ். மை சிஸ்டர் வான்ட்ஸ் ஹர்ஸ் சாஃப்ட், ஸோ வீ ஆர்க்யூ அபௌட் இட் எவ்ரி சண்டே.’ கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த வீட்டில் தோசை சுடுவது கண்ணில் தெரிகிறது. முதல் பகுதிக்கு இந்த நீளம் போதும். ‘யெஸ், ஐ டூ’ என்று கதவைச் சாத்தவும் கூடாது, இரண்டு நிமிடம் பிரசங்கமும் கூடாது.

அடுத்தது, நாம் இங்கிலீஷ் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் நம்மூர் வார்த்தைகள். நமக்கு ‘ஹோட்டல்’ சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம். சாப்பிடப் போவது ‘ரெஸ்டாரன்ட்’. ‘ஃபுல் மீல்ஸ்’ என்று இலைச் சாப்பாட்டைச் சொன்னால் புரியாது. ‘பார்சல்’ வாங்கினேன் என்றால் தபால் வந்ததாக நினைப்பார்கள், ‘டேக் அவே’ என்பதே வழக்கு. முருங்கைக்காய் சாம்பாரை ‘ட்ரம்ஸ்டிக் சாம்பார்’ என்றால் அவர்கள் மனதில் கோழிக்கால் மிதக்கும். ‘மை மதர் இஸ் எ குட் குக்கர்’ என்றால் அம்மாவை நல்ல அடுப்பு என்கிறீர்கள், ‘குட் குக்’ போதும். ‘ஐ டேக் பிரேக்ஃபாஸ்ட்’ வேண்டாம், ‘ஹேவ்’ போடுங்கள்.

‘பிரிஞ்சால்’, ‘கர்ட்’ போன்றவை அகராதியிலேயே இருக்கும் இந்திய இங்கிலீஷ். தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பல இடங்களில் இப்போது ஸ்பீக்கிங் தேர்வு வீடியோ காலிலும் நடக்கிறது, திரையில் இருப்பவருக்குக் கத்தரிக்காயின் இந்தியப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ‘ஆபர்ஜீன்’ அல்லது ‘எக்பிளான்ட்’ என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தால் வேலை முடிந்தது.

இலக்கணத்தில் எல்லாவற்றையும் இங்கே அலச வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிற தவறு ஒன்று உண்டு: ‘ஐ யூஸ்ட் டு ஈட் இட்லி டெய்லி.’ சொல்கிறவர் நினைப்பது தினமும் சாப்பிடுகிறேன் என்று. கேட்பவருக்குப் புரிவது முன்பு சாப்பிட்டேன், இப்போது விட்டுவிட்டேன் என்று. ‘ஏன் விட்டீர்கள்?’ என்று அவர் கேட்டால் குழப்பம்தான். இன்றைய பழக்கத்துக்கு ‘ஐ யூஷுவலி ஹேவ் இட்லி’. ‘டெய்லி மார்னிங்’ அல்ல, ‘எவ்ரி மார்னிங்’. ‘ஐ ஆம் ஈட்டிங் ரைஸ் டெய்லி’ என்பதில் ‘ஆம் ஈட்டிங்’ வேண்டாம். அப்புறம், நம் ‘தான்’ இங்கிலீஷில் ‘ஒன்லி’யாகக் குதிக்கும்: ‘வீட்லதான் சாப்பிடுவேன்’ என்பது ‘ஐ வில் ஈட் இன் ஹோம் ஒன்லி’ ஆகிவிடும். ‘ஐ நியர்லி ஆல்வேஸ் ஈட் அட் ஹோம்’ என்பது அதே அழுத்தத்தை இயல்பாகக் கொடுக்கும். இன்னொன்று, ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் முழுக்கோழி. வீரம்தான், ஆனால் நீங்கள் சாப்பிட்டது ‘சம் சிக்கன்’.

இரண்டாம் பகுதி அட்டையில் ‘மறக்க முடியாத ஒரு விருந்து’ மாதிரி வந்தால், நம்மவர்கள் இரண்டு வழியில் கெடுத்துக்கொள்வார்கள். கூட்டாஞ்சோறையும் இடியாப்பத்தையும் விளக்க முடியாது என்று பயந்து, வாழ்நாளில் இரண்டு தடவை சாப்பிட்ட பீட்சாவைப் பேசுவது ஒன்று. உங்கள் பதார்த்தத்தின் பெயரைத் தமிழிலேயே சொல்லுங்கள், உடனே ஒரு வரியில் விளக்குங்கள்: ‘இடியாப்பம், விச் இஸ் எ கைண்ட் ஆஃப் ஸ்டீம்ட் ரைஸ் நூடுல்.’ தெரியாத பொருளைத் தெரிந்த வார்த்தைகளால் சுற்றி வளைத்துச் சொல்லும் இந்தத் திறமைக்கு மதிப்பெண் உண்டு. 7 பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்கான சொல்வள வரையறையிலேயே அது இருக்கிறது. பீட்சாவில் அந்த வாய்ப்பே கிடையாது.

இன்னொன்று, விருந்தைக் கேட்டால் ரெசிபியை ஒப்பிப்பது. வெங்காயத்தை வதக்கி, தக்காளியைப் போட்டு என்று ஆரம்பித்தால் 40 வினாடியில் சரக்கு தீர்ந்துவிடும். அட்டை கேட்பது ஒரு சம்பவத்தை: எங்கே, யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள், ஏன் மறக்கவில்லை. யோசிக்கத் தரும் 1 நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள், துணுக்குகளாகக் குறியுங்கள்: அக்கா கல்யாணம், இரண்டாவது பந்தி, தீர்ந்துபோன பாயசம், சமையல்காரரோடு பெரியப்பா போட்ட சண்டை. இந்த நாலு குறிப்பு இரண்டு நிமிடத்துக்குத் தாங்கும், கடந்த காலத்தில் பேசவும் தானாக வழி கிடைக்கும்.

உச்சரிப்பில் சாப்பாட்டு வார்த்தைகள் சில காலை வாரும். ‘வெஜிடேபிள்’ அல்ல, ‘வெஜ்டபிள்’. ‘சாமன்’ மீனில் எல் ஒலிக்காது. இனிப்பான ‘டிஸர்ட்’டில் அழுத்தம் பின்னால், பாலைவனமான ‘டெஸர்ட்’டில் முன்னால். நம் சாயல் பேச்சில் இருப்பதற்காக யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. புரியாமல் போனால்தான் சிக்கல்.

மூன்றாம் பகுதிக்கு வந்த பிறகும் ‘மை மதர்’, ‘மை ஹவுஸ்’ என்றே பேசிக்கொண்டிருப்பது கடைசித் தவறு. ‘மக்கள் ஏன் இப்போது வெளியே அதிகம் சாப்பிடுகிறார்கள்?’ என்று கேட்டால், கேள்வி மக்களைப் பற்றியது. ‘பீப்பிள் டென்ட் டு’, ‘இன் பிக் சிட்டீஸ்’ என்று கொஞ்சம் தள்ளி நின்று பேச வேண்டும்: கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவது, இரண்டு மணி நேரப் போக்குவரத்து, போனில் தட்டினால் வாசலுக்கு வரும் பிரியாணி. சொந்த வீட்டை ஒரு வரி உதாரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜங்க் ஃபுட் இஸ் பேட்’ என்று தீர்ப்பு மட்டும் சொல்லி நிறுத்தினால், ‘ஏன்?’ என்று அவர் தோண்டிக்கொண்டேதான் இருப்பார். நடுவில் ‘தேங்க் யூ’ என்று உங்களை நிறுத்தினால் பதறவும் வேண்டாம். அவருக்கு நேரக் கணக்கு இருக்கிறது, பேச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. விட்ட வாக்கியத்தை முடிக்கப் போராடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.