மாய உலகத்துக்கு மரியாதை வழக்கம் எழுதும்போது செய்யும் தவறுகள்

மாய உலகக் கதை எழுதுகிறவர்கள் மந்திரத்துக்கும் வாளுக்கும் நிறைய மெனக்கெடுவார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் மட்டும் “மூன்று முறை குனிந்து வணங்கினான்” என்று எழுதிவிட்டுத் தாண்டிவிடுவார்கள். ஏன் மூன்று? கேட்டால் பதில் இருக்காது. காரணமே இல்லாமல் வழக்கத்தை ஒட்டவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஒரு தீவு நகரத்தை நாமே உருவாக்கிப் பார்ப்போம். அங்கே விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் முன், வீட்டுக்காரர் அதே குவளையிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி, தான் முதலில் குடித்துக் காட்டுவார். எப்போதோ கடல் ஏறிக் கிணறுகளெல்லாம் உப்பாகிப் போன காலத்தில், ‘இது நல்ல தண்ணீர்’ என்று காட்டத் தொடங்கிய பழக்கம் அது. இப்போது மழைநீர்த் தொட்டிகள் வந்துவிட்டன, உப்புப் பயம் இல்லை. ஆனாலும் புது மருமகள் மறந்துபோய்க் குவளையை அப்படியே நீட்டினால், வந்தவர் அதைத் தொடாமலே எழுந்து போவார்.

சரி, இந்தப் பூர்வீகத்தை ஒரு கிழவர் வாயால் பக்கம் பக்கமாகச் சொல்ல வைக்கலாமா? வேண்டாம். சிங்கப்பூரில், ஆவிகள் பூமிக்கு வருவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில் நடக்கும் கேத்தாய் மேடை நிகழ்ச்சியில், முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவார்கள். தெரியாமல் உட்காரப் போகிறவரிடம் யாராவது பின்வரிசையைக் கைகாட்டினால் போதும். அந்தக் கைகாட்டலை எழுதுங்கள், விளக்கம் தானாக வரும்.

அப்புறம் இன்னொரு தவறு, வழக்கத்தை மீறியவனை அரசன் சிறையில் தள்ளுவது. சட்டம் வேறு, வழக்கம் வேறு. நம் சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மீது 2021 செப்டம்பரிலிருந்து நடவடிக்கை உண்டு. டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிப்பதற்குச் சட்டத்தில் எந்த உரிமையும் கிடையாது. ஆனாலும் பசியோடு தட்டை ஏந்தி நிற்கிறவர்கூட பெரும்பாலும் அந்த மேசையில் உட்காருவதில்லை. வழக்கத்தைக் காப்பது மற்றவர்களின் பார்வைதான்.

உலகம் முழுக்க ஒரே வழக்கம் என்று வைத்துவிடுவதும் கதையைக் கெடுக்கும். நம் தீவிலேயே மேட்டுப்பகுதிக் கிணறுகள் உப்பானதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்களுக்கு, தண்ணீரைக் குடித்துக் காட்டுவது சொந்தக் கிணற்றையே சந்தேகிப்பது போல, பெரிய அவமானம். இப்போது மேட்டுப்பகுதிப் பெண்ணுக்குக் கரையோர வீட்டில் சம்பந்தம் பேச ஆள் அனுப்புங்கள்.