பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையா? டிகிண்டர் கால்பேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைதானில் விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்கும் டிகிண்டர் நூலகத்தைக் கற்கத் தொடங்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். விண்டோ ஒழுங்காகத் திறக்கும், பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. உடனே ஃபங்ஷனுக்குள் வரிவரியாகத் தேடுவோம். அதற்கு முன், அதைக் கால்பேக்காக, அதாவது அழுத்தும்போது கூப்பிட வேண்டிய ஃபங்ஷனாக, பட்டனிடம் ஒப்படைத்த வரியைப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் போட்டு, அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். விண்டோ திறக்கும்போதே வந்துவிட்டு, அழுத்தும்போது வரவில்லையா? கமாண்ட்=சேமி என்பதை கமாண்ட்=சேமி() என்று எழுதியிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் அந்த இடத்திலேயே ஓடி முடிந்துவிடும். பட்டனுக்கு மிஞ்சுவது அது திருப்பித் தந்த வெற்று மதிப்பான நன் (None) மட்டும்தான். குறித்த மில்லிவிநாடிகள் கழித்து ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டரில், ஆஃப்டர்(1000, புதுப்பி()) என்று எழுதினால் இன்னும் குழப்பம். புதுப்பி உடனே ஓடும், அப்புறம் விண்டோ ஒரு விநாடி உறைந்து நிற்கும். ஃபங்ஷன் தரப்படாத ஆஃப்டர் வெறுமனே காத்திருக்கும், அவ்வளவுதான்.

விசை, மவுஸ் நிகழ்வுகளோடு ஃபங்ஷனைப் பிணைக்கும் பைண்ட் வழியாக இணைத்தால், என்ன நடந்தது என்று சொல்லும் ஈவென்ட் என்று ஒரு மதிப்பு கூடவே வரும், கமாண்டில் வராது. ஒரே ஃபங்ஷனை இரண்டுக்கும் பயன்படுத்த வேண்டுமா? ஈவென்ட்=நன் என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிக நேரத்தை விழுங்குவது லூப்பில் எழுதும் லாம்டா, அதாவது பெயரில்லாத சிறு ஃபங்ஷன். எ என்ற மாறியை 0 முதல் 9 வரை ஓடவிட்டுப் பத்து பட்டன்கள் போட்டு, லாம்டா: காட்டு(எ) என்று கொடுத்தால் எதை அழுத்தினாலும் 9 தான் வரும். லாம்டா எ-யின் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்திருக்கும். லாம்டா எ=எ: காட்டு(எ) என்று எழுதினால் சரி. ஆனால் இதையே அப்படியே பைண்டுக்குக் கொடுத்தால் ஈவென்ட் வந்து எ-யின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே லாம்டா ஈவென்ட், எ=எ என்று இருக்க வேண்டும்.

கால்பேக்கில் பிழை வந்தாலும் டிகிண்டர் நிற்காது. டெர்மினலில் பிழையை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். டெர்மினல் இல்லாமல் ஓட்டினால் அந்தச் செய்தியும் கண்ணில் படாது. அதனால் நான் எப்போதும் ரூட் விண்டோவில் கால்பேக் பிழைகளைக் கையாளும் ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன் இடத்தில் என் ஃபங்ஷன் ஒன்றை வைத்துவிடுவேன். பிழையின் வகை, மதிப்பு, அது எந்த வரிகள் வழியாக வந்தது என்று காட்டும் டிரேஸ்பேக் மூன்றும் அதற்கு வரும். அவற்றை மெசேஜ்பாக்ஸில் காட்டினால் போதும்.