கிளினிக் திகதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில்

பிள்ளைக்கு ஓட்டிசமா (பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை) என்று பார்க்க, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கடிதம் தந்துவிட்டார்கள், திகதி மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போகிறதா? அதுவரை சும்மா இருக்காதீர்கள். முதலில் காதுப் பரிசோதனை. பேச்சுப் பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் அது தேவை.

பிறகு ஒரு கொப்பி எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, மாம்பழம் வேண்டுமென்றால் விரலால் காட்டுகிறானா, இல்லை உங்கள் கையை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைக்கிறானா, சைக்கிள் சில்லை எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறான் என்றெல்லாம் திகதி போட்டு எழுதுங்கள், போனில் சின்ன வீடியோவும் எடுங்கள், ஏனென்றால் டாக்டருக்கு முன்னால் பிள்ளை அதைச் செய்யாமலே இருந்துவிடலாம்.

பேச்சுப் பயிற்சிக்கு ஓட்டிசம் என்று உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே கேளுங்கள். வீட்டில் அவனுக்கு எதிரே நிலத்தில் இருங்கள். அவன் சில்லைச் சுற்றினால் நீங்களும் சுற்றி, "சுத்துது, சில்லு சுத்துது" என்று சொல்லி, அவன் பார்க்கும்வரை பொறுங்கள். அவ்வளவுதான், ஆனால் தினமும்.

அப்புறம், ஓட்டிசம் தடுப்பூசியாலோ உங்கள் வளர்ப்பாலோ வந்ததில்லை. அம்மாவைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள்.

போகும் நாளில் கொப்பியோடு பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் பையில் வையுங்கள்.