நடுகல் எழுத்து தெரியவில்லையா? டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில், உயிர்நீத்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களைப் பார்க்கும்போது, ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கைபேசி டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து பரப்பை ஒட்டிப் பிடியுங்கள். சாய்வான ஒளியில் பள்ளங்களில் நிழல் விழுவதால் தேய்ந்த வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) வீரனின் வில்லும் துலங்கிவிடும். நேரே அடித்தால் அந்த நிழலே இருக்காது. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர் என ஆட்சி மாறி, தமிழும் கன்னடமும் பக்கம்பக்கமாக வாழ்ந்த தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) மண்ணின் கதை அந்தக் கீறல்களில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளவற்றுக்கு இது உதவாது, ஒளி எதிரொளிக்கும். நல்ல வெயிலில் வெளியே நிற்கும் கற்களுக்கும் பயன்படாது; அவற்றைக் காலையிலோ மாலையிலோ, வெயில் சாயும்போது பாருங்கள். சுண்ணக்கட்டி, மாவு எதையும் தயவுசெய்து கல்லில் தேய்க்காதீர்கள்.