கும்பகோணத்தில் பூட்டிய வீட்டைத் திறப்பதற்கு முன்

மொரீசியஸிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்று சில மாதங்கள் தங்க நினைப்பவர்கள், போய் இறங்கும் முன்பே ஒன்றை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: குடியேறப் போகும் வீட்டின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? ரோஸ் ஹில்லிலும் காட்ர் போர்னிலும் வாழும் நமக்கு இப்படி ஒரு கேள்வியே தோன்றுவதில்லை. இங்குள்ள மின்வாரியமான சி.இ.பி.யின் கட்டணச் சீட்டு மாதந்தோறும் நம் பெயருக்கு வருகிறது. அதையே வங்கியில் முகவரிச் சான்றாகக் காட்டுகிறோம். தமிழ்நாட்டில் பூட்டிக் கிடக்கும் குடும்ப வீடுகளிலோ மின் இணைப்பு தாத்தா பெயரிலும், எரிவாயு இணைப்பு அப்பா பெயரிலும், வீட்டுவரி இன்னொருவர் பெயரிலும் இருக்கும். அவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். ஆனால் இன்று எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் அவர்களுடைய பெயரையும் எண்ணையும்தான் கேட்பார்கள்.

நான் கும்பகோணத்தில் பிறந்து, திருமணத்திற்குப் பின் இந்தத் தீவுக்கு வந்தவள். அப்பா காலமான பிறகு திருச்சியில் வாடகை வீட்டில் இருந்த அம்மா, கும்பகோணத்து வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அங்கே குடிவைக்க நான் முன்னதாகப் போய், மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் ஆகியவற்றை ஒழுங்கு செய்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் கைபேசி எண். மின் கட்டணத் தகவலும் எரிவாயு முன்பதிவும் வங்கிச் செய்தியும் குறுஞ்செய்தி, ஓ.டி.பி. வழியாகவே நடக்கின்றன. இறந்துபோனவரின் எண்ணை யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால், அது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நம் வீட்டு சிலிண்டரின் குறியீட்டு எண் அவருக்குப் போகும். ஆகவே வீட்டில் நிரந்தரமாக இருக்கப் போகிறவரின் பெயரில் ஒரு சிம் வாங்கி, மின் இணைப்பிலும் எரிவாயு இணைப்பிலும் பழைய எண்ணை மாற்றுவதே முதல் வேலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் வசித்தாலும், ஊருக்கு வந்ததும் இந்திய அடையாளச் சான்றான ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர்களும் பிற வெளிநாட்டவர்களும் அதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அதனால் குறுகிய காலத்துக்குப் போகிறவர்கள் ஆதாரை நம்பித் திட்டமிட வேண்டாம்.

இனி மின்சாரம். மின்வாரியத்தை ஊரில் எல்லோரும் இன்றும் ஈ.பி. என்றுதான் சொல்கிறார்கள். 2010இல் மின்வாரியம் பிரிக்கப்பட்டபோது பகிர்மானம் டான்ஜெட்கோ என்ற நிறுவனத்திடம் போனது. 2024இல் அது மீண்டும் பிரிக்கப்பட்டுத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்றானது. மின் கணக்கை எழுதும் பழைய அட்டையில் இவற்றில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் கவலையில்லை. இணைப்பு எண்தான் முக்கியம். அந்த எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம். ஆனால் பெயர் மாற்றம் வேறு. இணைப்புக்குரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வர நாள் பிடிக்கும் என்பதால், ஊரில் இருக்கும் ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். பட்டியலில் கடைசியாக வரும் சம்மதக் கடிதத்தில்தான் என் பயணத்தின் பெரும்பகுதி கரைந்தது.

எங்கள் வீட்டு இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது. அவருடைய வாரிசுகள் அப்பா, சித்தப்பா, அத்தை. மன்னார்குடியில் இருக்கும் அத்தை, தொலைபேசியில் கேட்ட உடனேயே கடிதத்தை எழுதிக் கூரியரில் அனுப்பிவிட்டார். சித்தப்பாவோ, "கையெழுத்துதானே, தாராளமாகப் போடுகிறேன். ஆனால் கடைக்குப் போகிற லைனில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். வீட்டின் வாசல் திண்ணையை அடைத்துக் கட்டிய அறையில் அவருடைய மகன் தையல் கடை வைத்திருக்கிறான். மோட்டார் பொருத்திய தையல் இயந்திரங்கள், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி எல்லாம் வீட்டு மீட்டரிலிருந்தே ஓடுகின்றன. இணைப்பு அம்மாவின் பெயருக்கு மாறிய பிறகும் அது அப்படியே தொடர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

இதற்கு ஏன் நான் உடன்படவில்லை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிலை பல குடும்பங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும், பயன்பாடு மிக அதிகமாகாத வரை, கட்டணம் கடைகளுக்கானதைவிடக் குறைவு. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுத்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்தால், உரிய வகைக் கட்டணத்தின் இரண்டு மடங்கைக் கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். அந்த நோட்டீஸ் கடை நடத்துகிற பையனுக்கு வராது, இணைப்பு யார் பெயரிலோ அவருக்கு வரும். தனியாக இருக்கப் போகும் வயதான ஒரு பெண்மணியின் தலையில் அதை ஏற்றிவைத்துவிட்டு விமானம் ஏற எனக்கு மனம் ஒப்பவில்லை.

சித்தப்பா இதை அவமானமாக எடுத்துக்கொண்டார். "வெளிநாட்டில் இருந்துகொண்டு சட்டம் பேசுவது சுலபம். மழைக்கு ஒழுகியபோது ஓடு மாற்றியது யார்? இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குக் கரண்டு கட்டியது யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மீட்டர் பெட்டியின் கதவுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் உறையில் வைத்து நூலால் கட்டியிருந்த வெள்ளை அட்டையை அவர் எடுத்துக் காட்டினார். கணக்கெடுப்பாளர் எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் நீல மையில் சிறிய எழுத்தில் 'கட்டியாச்சு' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களிலும், ஊரடங்கு மாதங்களிலும் ஒரு வரி கூட விடுபடவில்லை. அந்தத் தேதிகளில் எல்லாம் நான் இங்கே இருந்தேன். கடைக்காகத்தானே கட்டினார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கட்டாமல் விட்டிருந்தால் இணைப்பைத் துண்டித்து மீட்டரையே கழற்றிப் போயிருப்பார்கள், அம்மா திரும்பி வர விளக்கெரியும் வீடு இருந்திருக்காது.

முடிவில் வழி பிறந்தது சட்டத்தைச் சொன்னதால் அல்ல. திண்ணை அறைக்குத் தனியாக வணிக இணைப்பு எடுத்துத் தருவது, அதற்கான வைப்புத்தொகையையும் வயரிங் செலவையும் நான் ஏற்பது, அதை என் தம்பி முறையான அவருடைய மகனின் பெயரிலேயே வாங்குவது என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. அந்த இணைப்புக்கு வாரிசுகளாக நாங்கள் சம்மதம் எழுதித் தர வேண்டியிருந்தது. எங்கள் பெயர் மாற்றத்துக்கு அவர் எழுதித் தர வேண்டியிருந்தது. அத்தையை மன்னார்குடியிலிருந்து வரவழைத்து, அவர் முன்னிலையில் இரண்டு தாள்களிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். ஒரே கட்டடத்தில் இரண்டாவது இணைப்பு கேட்கும்போது இரண்டு பகுதிகளும் தனித்தனியே பிரிந்திருக்க வேண்டும், வயரிங்கும் தனியாக இருக்க வேண்டும் என்பதை நேரில் வந்து பார்ப்பார்கள். ஆகவே எலக்ட்ரீசியன் வேலையை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

உங்களுக்கும் இப்படி ஒரு கையெழுத்து தேவைப்படலாம். அதை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்கு நேரில் போய், சாப்பிட்டுவிட்டு, இத்தனை காலம் வீட்டைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டு, பிறகு தாளை எடுங்கள். திரும்பும் தேதி நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் எதிரில் இருப்பவரின் நிபந்தனைகள் கூடிக்கொண்டே போகும்.

கட்டணம் பற்றி இரண்டு செய்திகள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், கோடையில் ஏ.சி. போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மின்தடை, மின்னழுத்தக் குறைவு போன்ற புகார்களுக்கு 94987 94987 என்ற மின்னகம் எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டில் எலி கடித்த வயர்கள் இருக்கும் என்பதால், குடியேறும் முன் வயரிங்கைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்திவிடுங்கள், குளியலறையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் முதியவருக்கு அதுவே காவல்.

எரிவாயுவில் பெரிய சிக்கல் இல்லை. இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பை வாரிசுக்கு மாற்றலாம். நெடுநாள் பயன்படுத்தாமல் இருந்தால் மீண்டும் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பைக் கேட்பார்கள். அதுவரை 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கிச் சமாளிக்கலாம்.

தண்ணீருக்கு மாநகராட்சிக் குழாய், ஆழ்துளைக் கிணறு, குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் என்று மூன்றும் கலந்தே வாழ்கிறார்கள். குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். நம் தீவிலும் கூரையில் தொட்டி உண்டு என்பதால் இது நமக்குப் புதிதில்லை; ஆனால் அங்கே மோட்டாரைப் போட்டு அணைக்க ஆள் வேண்டும். தொட்டி நிறைந்தால் தானே நிற்கும் கருவியை அம்மாவுக்காகப் பொருத்தினேன், நான் செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது அதுதான்.

இணையத்துக்கு பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் ஆகியவற்றோடு உள்ளூர் கேபிள்காரர்களும் ஃபைபர் தருகிறார்கள். விளம்பரத்தைப் பார்க்காமல், அதே தெருவில் நான்கு வீடுகளில் எது ஓடுகிறது, பழுதானால் ஆள் எத்தனை நாளில் வருகிறார் என்று கேளுங்கள். ஒரு நிறுவனம் என்னிடம் ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு, பிறகு எங்கள் தெருவின் பெட்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற அம்மாவின் வங்கிக் கணக்கு விவரங்களுடன் அலைய வேண்டியிருந்தது. இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே நீண்ட காலத் திட்டத்துக்குப் பணம் கட்டுங்கள். கும்பகோணத்துப் பழைய வீடுகள் குறுகி நீண்டவை, சுவர்கள் தடித்தவை. வாசலில் வைக்கும் மோடத்தின் வைஃபை சமையலறையை எட்டாது. கூடத்தின் நடுவில் வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள், ஆள் ஏணியை மடிப்பதற்குள். பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாட்கள் உண்டு. முன்னறிவிப்பு நாளிதழில் வரும். அன்று மோடம் ஓட 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். போதும்.

தேரோடும் வீதியில் வீடு இருந்தால் தேர் நாளில் மின்சாரத்தை நிறுத்திக் குறுக்கே போகும் கேபிள்களையும் அவிழ்த்துவிடுவார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

தீவிலேயே பிறந்து மொரீசியஸ் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்குத் தனியாகச் சில. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவம் மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்கும்போது சிலர் தயங்குவதன் காரணம் இதுதான். படிவத்தை இணையத்தில் நிரப்ப நாமே உதவுவதாகச் சொன்னால் தயக்கம் குறையும். 180 நாட்களுக்கு மேல் தங்குவதற்கான விசாவில் போகிறவர்கள் 14 நாட்களுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அந்தப் பதிவு தேவையில்லை. இந்திய வம்சாவளியின் ஏழாம் தலைமுறை வரை மொரீசியஸ் மக்களுக்கு ஓ.சி.ஐ. வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டிருப்பதாக 2024 மார்ச் மாதத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கு வந்து அறிவித்தார். அடிக்கடி போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அதற்கு விண்ணப்பிப்பதே நல்லது. வாடகை ஒப்பந்தத்தில் மின் கட்டணத்தை அட்டையில் உள்ள தொகைப்படி கட்டுவதா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வாங்குவாரா என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது வீட்டை மறுபடியும் பூட்டுகிறவர்கள், மின் இணைப்பு எண்ணில் முன்பணம் கட்டி வைக்கலாம். அடுத்தடுத்த கட்டணங்கள் அதிலிருந்து கழியும், துண்டிப்பு வராது. எரிவாயு இணைப்பை ஒப்படைத்தால் வைப்புத்தொகை திரும்பும். இணைய நிறுவனத்திடம் மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கட்டாயம் எழுத்தில் ரசீது வாங்குங்கள், அது இல்லாமல் வைப்புத்தொகையைக் கேட்க முடியாது.