இஃப் சரி, பின்பாதிதான் சறுக்கல்

மாலை ஆங்கில வகுப்புத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதியதையே பிள்ளைகள் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்று சொல்லும் வாக்கியங்களில், இஃப் வரும் முன்பாதியை அநேகமாக எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பலனைச் சொல்லும் பின்பாதியில்தான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். கமா, எழுத்துப்பிழை எல்லாம் இங்கே வேண்டாம்.

பணிவுக்கு வுட் போடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் மெயில் எழுதுவது என் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு, ‘இஃப் யூ பே திஸ் வீக், வீ வுட் ஷிப் ஆன் மண்டே’ என்று அனுப்பினேன். ‘வுட் யூ’ என்று கேட்பது பணிவாயிற்றே, அதனால் வுட் எங்கே போட்டாலும் பணிவுதான் என்று நினைப்பு. பணம் வரவில்லை. ‘அனுப்புவீர்களா, மாட்டீர்களா?’ என்று பதில்தான் வந்தது. நான் விளக்கி முடிப்பதற்குள் ஆர்டர் கைமாறிவிட்டது. முதலாளி திட்டவில்லை. அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று தமிழில் சொன்னால், பணம் வரப்போகிறதா, வெறும் ஆசையா என்பது பேச்சின் போக்கில்தான் புரியும். இரண்டுக்கும் அதே வாங்குவேன். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. நடக்கக்கூடியது என்றால் ‘இஃப் ஐ கெட் த மனி, ஐ வில் பை இட்’. கையில் இல்லாத காசு என்றால் ‘இஃப் ஐ ஹேட் த மனி, ஐ வுட் பை இட்’. முன்பாதியில் பே, பின்பாதியில் வுட் என்று கலந்தால், வாக்குக் கொடுத்துக்கொண்டே நழுவுகிற ஆள் மாதிரி தெரியும். பணிவு வேண்டுமா, ப்ளீஸ் இருக்கிறது.

‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’

இது முன்பாதியிலேயே வரும் சறுக்கல். அமெரிக்கர்கள் பேசிக் கேட்டிருக்கலாம். பரீட்சையில் மார்க் போகும். ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்று எழுதுங்கள்.

‘இஃப் யூ கம் மீன்ஸ்’

‘வந்தீங்கன்னா’வில் இருக்கிற ‘ன்னா’தான் அந்த மீன்ஸ். வெட்டி எறியுங்கள்.

ஹேட் வந்தால் வுட் ஹேவ்தானா?

முன்பாதியில் ‘ஹேட் நோன்’ மாதிரி வந்தால் பின்பாதியில் ‘வுட் ஹேவ்’ என்ற இலக்கண அட்டவணையை உருப்போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். காரணம் நேற்றையது, பலன் இன்றையது என்றால் ஹேவ் தேவையில்லை: ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் நர்சிங், ஐ வுட் பி இன் லண்டன் நௌ’. இந்த ஒரு இடத்தில் மட்டும் தமிழையே நம்பலாம். ‘அன்றைக்கு நர்சிங் படித்திருந்தால் இப்போது லண்டனில் இருப்பேன்’ என்றுதானே சொல்கிறோம்?