மனநல மையம் நடத்துபவர்களுக்கு: அட்டவணை போடும்போது கவனிக்க
பல ஆலோசகர்கள் சேர்ந்து இயங்கும் மையமா? யாருக்கு எத்தனை பேர் என்று தலையை மட்டும் எண்ணி நேரம் ஒதுக்காதீர்கள். தற்கொலை எண்ணத்தோடு வருபவர், வன்கொடுமைக்கு ஆளானவர் என்று அடுத்தடுத்து ஒரே ஆலோசகரிடம் அனுப்பினால், கடைசியாக வருபவருக்குக் காது கொடுக்க அவரிடம் தெம்பே இருக்காது. புதிதாக ஒருவரை ஒப்படைக்கும் முன், "இப்போது கையில் கனமான கேஸ் எத்தனை?" என்று கேட்டுவிடுங்கள். 50 நிமிட அமர்வு என்றால் மீதி 10 நிமிடம் குறிப்பு எழுதவும் மூச்சு விடவும்தான். அதில் போன் வேலையைத் திணிக்க வேண்டாம்.

அப்புறம், வருமானக் கணக்கு பேசும் கூட்டத்தையும் கேஸ் பற்றிய மேற்பார்வை நேரத்தையும் (ஆலோசகர் தன் கேஸ்களைப் பற்றி மூத்தவரிடம் பேசி வழிகாட்டல் பெறும் நேரம்) கலக்கவே கூடாது. சம்பளத்தை முடிவு செய்பவரிடம் போய், "இவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று மனம் திறப்பது யாருக்கும் கஷ்டம். முடிந்தால் மேற்பார்வைக்கு வேறொரு மூத்த ஆலோசகரை வையுங்கள்.